புகை வந்தால் மருந்தைத்தான் திட்ட வேண்டுமா? தோட்டா நிரப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி எடுத்து, புது பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்பவர்கள் ஏராளம். (இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். ஆகவே இங்கே பேசுவது அந்த நாட்டு வழக்கத்தைப் பற்றி மட்டுமே.) கைத்துப்பாக்கிக்கு நிரப்புகிறவர்களிடம் ஓயாத புலம்பல் ஒன்று உண்டு: புகை கண்ணை மறைக்கிறது, துப்பாக்கியெல்லாம் கரி. அடுத்த வாரமே வேறு மருந்து வாங்கி வருவார்கள். புகை அப்படியேதான் இருக்கும்.

ஏனென்றால் பெரும்பாலான நேரங்களில் அந்தப் புகை மருந்திலிருந்து வருவதே இல்லை. பழைய கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். அந்தக் காலப் போர்க்களங்கள் புகைமூட்டத்தில் மூழ்கியதற்கு அதுவே காரணம். 1884இல் பிரான்சின் பால் வியேல் நைட்ரோசெல்லுலோஸ் மருந்தை உருவாக்கியபின் நிலைமை தலைகீழானது. (நீலகிரி அருவங்காட்டில் உள்ள கார்டைட் (புகையற்ற மருந்து வகை) தொழிற்சாலை தோன்றியதும் இந்த மாற்றத்தின் தொடர்ச்சியாகத்தான்.) இன்றைய மருந்து முறையாக எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். புகைக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

முதலில் குண்டைப் பாருங்கள். வார்த்த ஈயக்குண்டின் பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த மசகு பூசியிருப்பார்கள். சூடான வாயுவில் அது உருகி எரிந்து, குழல் வாயில் வெண்புகையாக வெளியேறும். மருந்தை எத்தனை முறை மாற்றினாலும் மசகு மாறாதவரை புகை போகாது. பாலிமர் பூச்சு போட்ட குண்டுக்கு மாறினாலே பலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது. செம்பு உறை போட்ட குண்டிலும் அடிப்பகுதியில் ஈயம் திறந்தே இருப்பதுண்டு. சூட்டில் அதுவும் கொஞ்சம் ஆவியாகிப் புகையோடு சேரும். ஆனால் குண்டு மாறினால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். அந்தக் குண்டுக்கு உரிய அளவை, மருந்து அளவுகளை அச்சிட்ட கையேட்டில் பார்க்காமல் பழைய அளவையே போடக் கூடாது.

மசகு எரிவது புகை. கூட்டின் வெளிப்புறம் கறுத்துப்போவது வேறு சங்கதி. சுடும்போது பித்தளைக் கூடு அழுத்தத்தால் விரிந்து, தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்க வேண்டும். அழுத்தம் போதாவிட்டால் அது விரியாது. வாயு பின்னோக்கிக் கசிந்து கூட்டைக் கரியாக்கும். மருந்தும் ஈர விறகு போல அரைகுறையாக எரியும். 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); .45 ஏசிபிக்கு 21,000; .38 ஸ்பெஷலுக்கு 17,000 மட்டுமே. பின்னிரண்டில் மென்மையான உதைப்புக்காக மருந்தை இன்னும் குறைப்பவர்களின் கூடுகள்தான் அதிகம் கறுக்கின்றன. 1900இல் சந்தைக்கு வந்த 'யூனிக்' மருந்துக்கு அழுக்கு மருந்து என்ற கெட்ட பெயர் வந்ததில் இத்தகைய மெலிந்த நிரப்பலுக்கும் பங்குண்டு. பின்னாளில் தயாரிப்பாளரே அதைச் சுத்தமாக எரியும்படி மாற்றியமைத்தார்கள்.

இந்த இடத்தில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. அழுத்தம் கூடினால் சுத்தமாக எரியும் என்று தெரிந்ததும், கையேட்டின் உச்ச அளவையும் தாண்டி மருந்தைக் கூட்டுகிறார்கள் சிலர். கரியைத் துடைக்கப் பத்து நிமிடம் போதும். வெடித்த ரிவால்வர் உருளையையும் போன விரலையும் எதைக்கொண்டு சரிசெய்வது? அச்சிட்ட எல்லைக்குள் நின்றுகொண்டு, சற்று வேகமாக எரியும் மருந்துக்கு மாறுவதோ, கூட்டின் வாய் குண்டை உறுதியாகப் பிடிக்கும்படி மடிப்பைச் சரிசெய்வதோதான் முறையான வழி. மடிப்பு தளர்ந்திருந்தால் மருந்து நன்றாகப் பற்றுவதற்குள் குண்டு நகர்ந்துவிடும். எரியாத துகள்கள் குழலில் சிதறிக் கிடக்கும்.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. ஆற்றல் கூடிய மேக்னம் தோட்டாக்களுக்கான மெதுவாக எரியும் மருந்துகள் சிலவற்றை, குறிப்பாக எச்-110, 296 ஆகியவற்றை, விருப்பம்போல் குறைக்கவே கூடாது. சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளக்கூடும். சத்தம் வழக்கத்தைவிட மந்தமாகக் கேட்டால் அடுத்த குண்டைச் சுடாதீர்கள். தோட்டாக்களையெல்லாம் வெளியேற்றிவிட்டு, குழலுக்குள் குச்சி விட்டுப் பாருங்கள். சிக்கிய குண்டின் பின்னால் இன்னொன்று போனால் குழல் வீங்கும், அல்லது கிழியும்.

ரிவால்வர்க்காரர்களுக்கு மட்டும் இரண்டு குறிப்புகள். காலிக்கூடுகளைத் தள்ளும்போது குழலை வானத்தை நோக்கிப் பிடியுங்கள். கிடையாகப் பிடித்தால் எரியாத துகள் ஒன்று, கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் புகுந்து உருளையைச் சுழலவிடாது; துப்பாக்கி கெட்டுவிட்டது என்று பழுதுபார்ப்பவரிடம் ஓடுவீர்கள். அடுத்தது, .357 மேக்னம் தோட்டாவுக்கான அறையில் .38 ஸ்பெஷலைச் சுட்டபின் சுத்தம் செய்யாமல் விடுவது. .38 கூடு சுமார் 3.4 மில்லிமீட்டர் குட்டை என்பதால் அதன் வாய்க்கு முன்னால் கரி வளையமாகப் படிகிறது. பிறகு .357 போட்டால் நுழைய மறுக்கும், நுழைந்தாலும் வெளியே வராது.

குழலுக்குள் பளபளக்கும் சாம்பல்நிறப் பட்டை மருந்துக் கரி அன்று, ஈயம். ஈயம் மென்மையாக இருந்ததால் ஒட்டிக்கொண்டது என்று பலர் நினைக்கிறார்கள். குழலின் உள்விட்டத்துக்குக் குண்டு சிறியதாக இருந்து, இடுக்கில் பாயும் வாயு அதன் ஓரத்தை உருக்குவதே பெரும்பாலும் காரணம். கடினமான ஈயத்தைத் தேடுவதற்கு முன் குண்டின் விட்டத்தை அளந்து பாருங்கள். இதை அகற்ற வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கலந்து ஊற்றும் வைத்தியம் ஒன்று உலவுகிறது. அதில் உருவாகும் ஈய அசிட்டேட் நீரில் எளிதில் கரையும் நஞ்சு. செம்புத் தூரிகையும் பொறுமையும் போதும்.

கடைசியாக, துப்பாக்கியைவிடக் கவலைக்குரிய இடம் பட்டறை மூலை. சாதாரண பிரைமரில் ஈய ஸ்டிஃப்னேட் இருக்கிறது. அதன் எச்சம் சுட்ட கூட்டுக்குள்ளேயே தங்கும். அரைத்த வால்நட் ஓட்டையோ மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்க்கட்டையையோ போட்டுக் கூடுகளை உருட்டித் துலக்கும் இயந்திரத்தைச் சமையலறையிலும் படுக்கையறையிலும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மூடியைத் திறந்ததும் எழும் தூசியில் அந்த ஈயம் இருக்கிறது, குழந்தைகள் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். வெளியே வைத்து ஓட்டுங்கள், அல்லது தண்ணீரில் கழுவும் முறைக்கு மாறுங்கள். கழுவிய நீரைக் கைபடாமல் கொட்டுங்கள். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரும் சோப்பும் கொண்டு கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள். உடுத்திய துணியையும் தனியாகத் துவையுங்கள்.