பண்டைய கிரேக்கரின் ஆட்சி மாற்றங்களைப் படிப்பது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் வட்டாரங்களில் வரலாறு பயிலும் கல்லூரி மாணவர்களுக்கும், ஊர் நூலகத்தில் அமர்ந்து போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கும், பண்டைய கிரேக்கரின் ஆட்சிமுறை பெரும்பாலும் ஒரே வரியில்தான் அறிமுகமாகிறது: முதலில் முடியாட்சி, பின்னர் உயர்குடியாட்சி, அடுத்து கொடுங்கோலாட்சி, முடிவில் மக்களாட்சி. இந்த வரியை மனப்பாடம் செய்தவர் ஒரு மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதிவிடலாம். ஆட்சி ஏன் மாறியது என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. கிரேக்கர் ஒரே நாடாக வாழ்ந்தவர்கள் அல்லர். நூற்றுக்கணக்கான நகர அரசுகளாகப் பிரிந்திருந்தார்கள். ஒவ்வொரு நகரமும் தன் போக்கில், தனக்கான காரணங்களால் மாறியது. எனவே வரிசையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

அந்த முதல் நகரம் ஏதென்ஸாக இருக்கட்டும். அரிஸ்டாட்டிலும் அவருடைய மாணவர்களும் 158 அரசமைப்புகளைத் தொகுத்ததாகச் சொல்லப்படுகிறது. அவற்றுள் ஏறத்தாழ முழுமையாக நமக்குக் கிடைத்திருப்பது ஏதென்ஸைப் பற்றியது மட்டுமே. எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து அது 1891இல் பதிப்பிக்கப்பட்டது. குறிப்பேட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிவாருங்கள். பேரவையில் யார் அமரலாம்? பதவிக்கு ஆள் எப்படித் தெரிவு செய்யப்பட்டார்? நிலமும் கடனும் யார் கையில் இருந்தன? போருக்கு ஆயுதம் தாங்கிச் சென்றவர் யார்? நான்கிலும் மூன்றாவது கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என் கருத்தில் அதுவே மற்ற மூன்றையும் திறக்கும்.

மன்னர்கள் காலத்தை விரைவாகக் கடந்துவிடலாம். மரபுவழிச் செய்தியின்படி ஏதென்ஸில் மன்னரின் அதிகாரம் படிப்படியாகச் சுருங்கி, ஆர்க்கான் என்னும் பதவியாளரிடம் சென்றது, கி.மு. 683 அளவில் அப்பதவி ஆண்டுதோறும் மாறுவதாயிற்று. பதவி மாறினாலும் குடும்பங்கள் மாறவில்லை. நிலம் படைத்த உயர்குடியினரே அதில் மாறிமாறி அமர்ந்தார்கள்.

கி.மு. 594இல் சோலோன் ஆர்க்கானாக வந்த இடத்தில் நின்று நிதானமாகப் படியுங்கள். ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா நிலப்பகுதியின் ஏழை உழவர்கள் கடனுக்குத் தங்கள் உடலையே ஈடாக வைத்திருந்தார்கள். திருப்பிக் கட்ட முடியாதவர்கள் அடிமைகளாக்கப்பட்டு, சிலர் வெளிநாடுகளுக்கும் விற்கப்பட்டார்கள். பண்ணையாள் முறையையும், அதை ஒழுங்குபடுத்த 1952இல் வந்த தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்திருக்கும் டெல்டா மாணவருக்கு, நிலமும் கடனும் ஒரு மனிதனின் அரசியல் நிலையை எப்படி முடிவுசெய்யும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சோலோன் அந்தக் கடன்களை நீக்கினார். உடலை ஈடாக வைத்துக் கடன் கொடுப்பதைத் தடுத்தார். விற்கப்பட்டவர்களுள் பலரை மீட்டுக் கொண்டுவந்ததாகத் தம் கவிதையிலேயே கூறுகிறார். ஆனால் ஏழைகள் கோரிய நிலப் பங்கீட்டை அவர் செய்யவில்லை. இதையும் அதே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து நடந்தவற்றின் வித்து இதில் இருக்கிறது.

பதவித் தகுதியைப் பிறப்பிலிருந்து விளைச்சலுக்கு மாற்றியதும் அவர்தான். ஆண்டுக்கு 500 மெடிம்னோஸ் விளைச்சல் உடையவர் முதல் வகுப்பு, 300 உடையவர் இரண்டாம் வகுப்பு, 200 உடையவர் மூன்றாம் வகுப்பு, அதற்குக் கீழானவர்கள் தீட்டிஸ் என்னும் நான்காம் வகுப்பு. மெடிம்னோஸ் என்பது நம் கலத்தையும் மரக்காலையும் போன்ற ஒரு முகத்தலளவை. கடைசி வகுப்பினருக்குப் பதவி கிடையாது. பேரவையிலும் மக்கள் நீதிமன்றத்திலும் இடம் உண்டு. பிறப்பை மாற்ற முடியாது, விளைச்சலை உயர்த்த முடியும் என்பதால், மூடியிருந்த கதவு பாதியளவேனும் திறந்தது.

நிலக் கோரிக்கை தீராததால் ஏறக்குறைய ஒரு தலைமுறைக்குள் பைசிஸ்ட்ராடஸ் தோன்றினார். கி.மு. 561இல் முதன்முறை ஆட்சியைப் பிடித்தார், இருமுறை துரத்தப்பட்டார், 546இல் உறுதியாக அமர்ந்து 527இல் இறக்கும்வரை ஆண்டார். பாடநூல்கள் இவரைக் கொடுங்கோலர் பட்டியலில் சேர்ப்பதால் கொடுமைக்காரர் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சோலோனின் சட்டங்களை அவர் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தார். ஏழை உழவருக்குக் கடன் கொடுத்தார். ஊர் ஊராகச் சென்று வழக்குத் தீர்க்கும் நடுவர்களை அமர்த்தினார். உயர்குடியினரின் பிடி தளர்ந்தது இவர் காலத்தில்தான். அந்தத் தளர்ச்சி இல்லாமல் பின்வந்த மக்களாட்சி வேரூன்றியிருக்காது என்பது என் உறுதியான எண்ணம். கடுமை கூடியது மகன் ஹிப்பியாஸ் காலத்தில், அதுவும் 514இல் அவருடைய தம்பி கொல்லப்பட்ட பிறகு. 510இல் மற்றொரு நகர அரசான ஸ்பார்ட்டாவின் படை வந்து அவரை வெளியேற்றியது.

கி.மு. 508இல் கிளிஸ்தனீஸ் செய்த சீர்திருத்தத்தை எழுத்தில் மட்டும் படித்தால் மனத்தில் நிற்காது, நிலப்படம் தேவை. அவர் மக்களைப் பத்துப் புதிய குலங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு குலத்திலும் நகரப் பகுதி ஒன்று, கடற்கரைப் பகுதி ஒன்று, உள்நாட்டுப் பகுதி ஒன்று சேருமாறு அமைத்தார். டெல்டா மாவட்டங்களின் படத்தை எடுத்து, தஞ்சாவூர் நகரின் சில தெருக்களையும், வேதாரண்யம் கரையோரச் சிற்றூர்கள் சிலவற்றையும், நீடாமங்கலத்தை ஒட்டிய சில ஊர்களையும் ஒரே நிறத்தால் தீட்டிப் பாருங்கள். பழைய குடும்பத் தலைவர் ஒருவர் தம் வட்டாரத்தையே தம் கட்சியாக வைத்துக்கொள்வது இனி எளிதல்ல என்பது உடனே புலப்படும். ஒவ்வொரு குலத்துக்கும் 50 பேர் வீதம் ஐந்நூற்றுவர் அவை அமைந்தது.

நான்காம் கேள்விக்கான பெரிய விடை கி.மு. 480இல் பாரசீகருக்கு எதிரான சலாமிஸ் கடற்போரில் கிடைக்கிறது. கப்பல்களில் துடுப்பு வலித்தவர்களுள் பெரும்பகுதியினர் நிலமற்ற தீட்டிஸ் வகுப்பினர். நகரத்தின் பாதுகாப்பு அவர்கள் தோளுக்கு வந்தபின் அவர்களுடைய குரலை ஒதுக்க முடியவில்லை. 462 அளவில் எஃபியால்டீஸ் முன்னாள் ஆர்க்கான்கள் நிறைந்த பழைய அவையின் அதிகாரங்களைக் குறைத்தார். 457 முதல் மூன்றாம் வகுப்பினரும் ஆர்க்கான் ஆகலாம் என்றாயிற்று. பெரிக்ளிஸ் மக்கள் நீதிமன்றத்தில் அமர்பவர்களுக்குப் படி வழங்கச் செய்தார். பெரும்பாலான பதவிகளுக்குக் குலுக்கலில் ஆள் எடுத்தார்கள். படைத்தலைவர் பதின்மர் போன்ற சில பதவிகளுக்கு மட்டும் வாக்களித்து ஆள் தெரிந்தெடுத்தார்கள்.

குலுக்கல் என்றதும் நம் மாணவர்கள் குடவோலையை நினைப்பது இயல்பு. ஒப்பிடலாம், ஆனால் இரண்டும் ஒன்றென்று எழுதிவிடக் கூடாது. முதலாம் பராந்தகன் காலத்து கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கும் உத்திரமேரூர் காவிரிப் படுகையைச் சேர்ந்ததன்று, தொண்டை மண்டலத்து ஊர். அங்குக் கால் வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடையவர்களின் பெயர்களே குடத்தில் இடப்பட்டன. அச்சபைக்கு மேலே சோழ மன்னர் இருந்தார். ஏதென்ஸில் பேரவைக்கு மேலே யாரும் இல்லை. அதே சமயம், அந்தப் பேரவையில் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் குடியேறியவர்களுக்கும் இடமே இல்லை என்பதையும், கி.மு. 451இல் இயற்றப்பட்ட சட்டம் பெற்றோர் இருவரும் ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் குடியுரிமை என்று எல்லையை மேலும் இறுக்கியதையும் முதல் கேள்வியின் கீழ் கட்டாயம் எழுதுங்கள்.

மாற்றம் ஒரே திசையில் செல்லவில்லை என்பதற்கும் பக்கங்கள் ஒதுக்க வேண்டும். 411இல் நானூற்றுவர் ஆட்சியைக் கைப்பற்றினர். 404இல் ஸ்பார்ட்டாவுடனான போரில் தோற்ற நகரத்தின்மீது ஸ்பார்ட்டாவின் துணையோடு முப்பதின்மர் ஆட்சி வந்தது. 403இல் மக்களாட்சி மீண்டது. 322இல் வடக்கிலிருந்த மாசிடோனியர் அதைக் குலைத்தார்கள். ஸ்பார்ட்டாவுக்கு ஒரு பக்கம் போதும்: இரு மன்னர்கள், ஆண்டுதோறும் தெரிவாகும் எஃபோர் எனப்படும் மேற்பார்வை அதிகாரிகள் ஐவர், மன்னர்களோடு சேர்த்து முப்பதின்மர் கொண்ட முதியோர் அவை, இவர்கள் எல்லாருக்குமாக உழுத ஹெலட் அடிமைகள்.

இவ்வளவும் முடிந்த பிறகே தத்துவ அறிஞர்களிடம் செல்லுங்கள். பிளேட்டோ ஆட்சிகள் ஒன்றிலிருந்து ஒன்றாகச் சீர்கெடும் வரிசையைக் கூறினார். பின்னாளில் பாலிபியஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் அதைத் திரும்பத் திரும்பச் சுழலும் வட்டமாக்கினார். ஆனால் பிளேட்டோவின் மாணவரான அரிஸ்டாட்டிலே அந்த வரிசையை மறுத்தார்: கொடுங்கோலாட்சி, கிரேக்க நகரங்களான சிக்கியோனில் இன்னொரு கொடுங்கோலாட்சியாகவும், சால்கிஸில் சிலராட்சியாகவும், சிசிலித் தீவின் சிராகூஸில் மக்களாட்சியாகவும் மாறியதை எடுத்துக்காட்டினார். ஏதென்ஸ் குறிப்பேட்டை முடித்தவர் இரண்டாவதாக அந்தச் சிராகூஸையே எடுத்து, 466இல் கொடுங்கோலர் குடும்பத்தைத் துரத்திய மக்கள் 405இல் டயோனீசியஸ் என்ற மற்றொருவரின் கையில் எப்படி அகப்பட்டார்கள் என்பதை அதே நான்கு கேள்விகளால் விசாரிக்கலாம். அங்கே வட ஆப்பிரிக்க நகரான கார்த்தேஜுடன் நடந்த போர் நான்காம் கேள்விக்கு ஏதென்ஸ் தராத வேறொரு விடையைத் தரும்.