"90 சதவீதம் முடிஞ்சுது" என்றால் நம்பாதீர்கள்

ப்ராஜெக்ட் இழுத்துக்கொண்டே போனால் முதலில் திட்டு வாங்குவது வேலை செய்பவர்கள்தான். ஆனால் கோளாறு பெரும்பாலும் தொடக்கத்திலேயே இருக்கும். எதை முடித்தால் வேலை முடிந்ததாகக் கணக்கு என்று யாரும் எழுதிவைத்திருக்க மாட்டார்கள்.

சிட்னி ஓபரா ஹவுஸையே பாருங்கள். கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகும் முன்பே 1959-ல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். அப்புறம்தான் கீழே எழுப்பிய தூண்கள் அந்தக் கூரையின் எடையைத் தாங்காது என்று தெரிந்தது. அவற்றைத் திரும்பக் கட்டினார்கள். 1963-ல் முடிய வேண்டியது 1973-ல் திறக்கப்பட்டது. 70 லட்சம் டாலர் மதிப்பீடு 10 கோடியைத் தாண்டியது.

இதற்கு உளவியலாளர் கேரி க்ளெய்ன் சொன்ன ஒரு வழி இருக்கிறது. தொடங்கும் முன் குழுவை உட்காரவைத்து, "இந்த ப்ராஜெக்ட் படுதோல்வி அடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏன்?" என்று கேளுங்கள். ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுதட்டும். வாயால் கேட்டால் மேலதிகாரி முகத்தைப் பார்த்துத்தான் பதில் வரும்! வந்த காரணங்களில் பெரிய இரண்டு மூன்றை எடுத்து, ஒவ்வொன்றையும் கவனிக்க ஒருவர் பெயரைப் போடுங்கள். "டீம் பார்த்துக்கும்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

வேலை நடக்கும்போது சதவீதக் கணக்கு வேண்டாம். வேலையைச் சில நாளில் முடிகிற துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் "முடிஞ்சுதா, இல்லையா?" என்று மட்டும் கேளுங்கள். தாமதம் முதல் வாரத்திலேயே கண்ணில் படும். அப்போது புது ஆட்களைச் சேர்ப்பதைவிட, எதை விட்டுவிடலாம் என்று யோசிப்பதே மேல். புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதிலேயே பழையவர்களின் நேரம் கரைந்துவிடும்.