கோட்டைக்குப் போவதை மாமாவிடம் சொல்லாதீர்கள்

செயின்ட் ஜார்ஜ் கோட்டையைப் பார்க்க ஆசைப்படும் வெளிநாட்டுத் தமிழர்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சென்னையில் 'கோட்டை' என்றால் அரசாங்கம். கிழக்கிந்தியக் கம்பெனி, மதில் எல்லாம் ஊரை விட்டுப் போன நம்மைப் போன்றவர்களுக்குத்தான். "நாளைக்குக் கோட்டைக்குப் போறேன் மாமா" என்று வாய்தவறிச் சொன்னேன். "போற வழிதானே, இந்த மனுவைக் கொடுத்துட்டு வந்துடு" என்று ஒரு பழுப்பு உறையை நீட்டினார்.

மடிப்பாக்கத்தில் தாத்தா வாங்கிய மனை. பட்டா பெயர் மாற்றம்.

தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் கோட்டைக்குள்தான். அசல் அடையாள அட்டை இல்லாமல் போகாதீர்கள். என் பாஸ்போர்ட் தி.நகரில் பெட்டிக்குள் இருந்தது. போய் எடுத்துவர இரண்டு மணி நேரம். அப்புறம் தெரிந்தது, மாமா சொன்ன அலுவலகம் கோட்டையிலேயே இல்லை. வேறு பக்கம், வேறு கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. நகல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எடுத்து வந்தால் சாப்பாட்டு நேரம்.

காத்திருந்தபோதுதான் மனுவைப் படித்தேன். 'வாரிசுகளில் ஒருவர் வெளிநாட்டில் வசிப்பதால் கையொப்பம் பெற இயலாமல் ஒன்பது ஆண்டுகளாக...' மாமா வாட்ஸ்அப்பில் இரண்டு முறை கேட்டிருந்தார். 'வரும்போது பார்க்கலாம் மாமா' என்று பதில் போட்டிருந்தேன்.

"அந்த ஒருத்தர் நேர்ல வரணும் சார்" என்றார் எழுத்தர்.

"நான்தான்" என்றேன்.

உங்களுக்கும் இப்படி ஒரு மனை இருந்தால், கிளம்பும் முன்பே இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பிவிடுங்கள்.

கோட்டைக்குத் திரும்பியபோது மணி மூன்றரை. அன்று வெள்ளிக்கிழமை, அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய கொடி உள்ளே இருக்கிறது. மறுபடியும் வர வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியர் கட்டணம்தான், கவுன்டரில் மறக்காமல் காட்டுங்கள். புனித மேரி தேவாலயம் திறந்திருந்தது. 1680இல் அர்ப்பணிக்கப்பட்டது. ராபர்ட் கிளைவுக்கு 1753இல் கல்யாணம் நடந்த இடம். மின்விசிறிக்கு அடியில் அரைமணி உட்கார்ந்தேன். ஆட்டோ பேரம் பேசப் பொறுமை இல்லாதவர்கள் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

இரவு மாமாவிடம், "கையெழுத்துப் போட்டுட்டேன் மாமா" என்றேன்.

"அதுக்குத்தாம்பா உன்கிட்ட கொடுத்து அனுப்பினேன்" என்றார்.