சப்வூஃபர் லெவல் −12இல் முட்டி நிற்கிறதா?

ஹோம் தியேட்டரில் ஆட்டோ கேலிபரேஷன் (மைக் வைத்து ரிசீவரே ஸ்பீக்கர் அளவுகளைச் சரிசெய்வது) முடிந்ததும் ரிசீவர் மெனுவில் சப்வூஃபர் (பேஸுக்கான ஸ்பீக்கர்) லெவல் −12 டெசிபல் என்று காட்டினால், சப்வூஃபரின் பின்னால் இருக்கும் வால்யூம் திருகைக் கொஞ்சம் குறைத்துவிட்டுக் கேலிபரேஷனை மறுபடி ஓட்டுங்கள். பல ரிசீவர்களில் −12தான் கடைசிப் படி. அங்கே போய் நிற்கிறது என்றால், இன்னும் குறைக்கப் பார்த்து முடியாமல் விட்டிருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். பேஸ் இடிப்பது அதனால்தான். பூஜ்யத்துக்கும் −6க்கும் நடுவில் வந்தால் சரி. இன்னொன்று, ரிசீவர் ரொம்பக் குறைத்து அனுப்பினால், ஆட்டோ ஆனில் (சிக்னல் வந்தால் தானே விழிக்கும் அமைப்பில்) இருக்கும் சப்வூஃபர் மெல்லிய காட்சிகளில் தூங்கிவிடும். அந்தத் தொல்லையும் இதோடு குறையும்.

ஓர் இருக்கையில் பேஸ் அதிர்ந்து, பக்கத்து இருக்கையில் காணாமல் போகிறதென்றால் இது உதவாது. அது அறையின் வேலை. சப்வூஃபர் பெட்டியை நகர்த்தித்தான் பார்க்க வேண்டும்.