நிலத்தோற்றங்களை அடையாளம் காண்பது எப்படி? கேப்பர் மலையிலிருந்து தொடங்குவோம்

மலை, பீடபூமி, சமவெளி, பள்ளத்தாக்கு என்று வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த பிள்ளைகள்கூட, ஒரு மேட்டின் முன்னால் நிறுத்திக் கேட்டால் தடுமாறுகிறார்கள். எனவே பெயரைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் உச்சி கூர்மையா தட்டையா என்று பாருங்கள். அடுத்து அங்குள்ள கல்லைக் கவனியுங்கள். பிறகு அதை உருவாக்கியது நீரா, காற்றா, பனிக்கட்டியா, எரிமலையா, நிலத்தட்டுகள் எனப்படும் பூமி மேலோட்டின் பெரும் பாறைத் துண்டுகளின் மோதலா என்று கேளுங்கள்.

கடலூர்க்காரர்களுக்குக் கேப்பர் மலை பக்கத்திலேயே இருக்கிறது. பெயர்தான் மலை, மேலே ஏறினால் நிலம் தட்டையாகப் பரந்து கிடக்கும். ஓரத்தில் மண் சரிந்த இடத்தில் ஒரு கட்டியை எடுத்து விரலால் நெருடிப் பாருங்கள். சிவந்த மணல் உதிரும். இடையே மழுங்கி உருண்ட கூழாங்கற்களும் அகப்படும். கல் பெரும்பாலும் ஓடும் நீரில் உருண்டே அப்படி வழவழப்பாகிறது என்பதால், இந்த மேடு ஒரு காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து குவித்த மணல் என்பதை அங்கேயே உணரலாம். நிலவியலாளர்கள் இதற்கு இட்ட பெயரே கடலூர் மணற்கல். புதுச்சேரிக்கு அருகே திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழமையான மரங்களும் இதே மணற்கல்லில் புதைந்திருந்தவைதாம்.

இமயமலை பிறந்த விதம் வேறு. இந்திய நிலத்தட்டு யூரேசியத் தட்டுடன் மோதத் தொடங்கி ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அந்த நெருக்கத்தில் கடலடிப் படிவுகள் மடிந்து உயர்ந்தன. அதே மோதல் உயர்த்திய திபெத்தோ, சராசரியாக 4,500 மீட்டருக்கும் மேல் இருந்தும், அகன்ற மேற்பரப்பால் பீடபூமி எனப்படுகிறது. உயரத்தை மட்டும் வைத்துப் பெயர் சொல்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

பள்ளத்தாக்கில் அடிப்பகுதியைப் பாருங்கள். ஆறு அறுத்ததென்றால் பெரும்பாலும் அடி குறுகியிருக்கும்; நார்வேயில் உள்ளவற்றைப் போலப் பனியாறு தேய்த்ததென்றால் அடி அகன்று, சுவர்கள் செங்குத்தாக நிற்கும்.

கடற்கரைக்கு ஒருமுறை போனால் போதாது. தென்பெண்ணையின் முகத்துவாரத்தைச் சித்திரையில் பார்த்தால், ஆற்றில் நீர் வற்றியிருக்க, அலை ஒதுக்கிய மணல் திட்டாக நீண்டு கிடக்கும். அதன் உருவத்தை வரைந்து, தேதி குறித்துக்கொள்ளுங்கள். கார்த்திகை மழையில் பெருகிவரும் வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு, தன் வண்டலைக் கடலில் தள்ளும். கங்கையும் பிரம்மபுத்திராவும் வங்கத்தில் இவ்விதம் வண்டலைச் சேர்த்துத்தான் உலகின் மிகப் பெரிய கழிமுகத்தை உண்டாக்கியிருக்கின்றன. வெள்ளம் வடிந்த பிறகே கரைக்குப் போங்கள். சித்திரையில் நின்ற அதே இடத்தில் நின்று திட்டின் உருவத்தை மீண்டும் வரைந்து, தேதி குறித்து, இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.