முதலில் நடுகல், அப்புறம் வாள்: புதியவர்களுக்கு ஒரு வாள்வீரன்

ராயபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்குப் பகடை உருள ஆரம்பிக்கும். ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்துகிற விளையாட்டு அது. புதிதாக வருகிற பிள்ளைகள் பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, எனக்கு வாள்வீரன் வேணும்க்கா. ரெண்டு கையிலயும் கத்தி."

கத்தியைக் கொடுப்பதற்கு முன் நான் அவர்களிடம் ஒரு கல்லைப் பற்றிப் பேசுவேன். எங்கள் மேசையில் இதுவரை நின்று நிலைத்த வாள்வீரர்கள் எல்லோரும் அந்தக் கல்லிலிருந்து பிறந்தவர்கள்தான். அதே வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

விதிகளுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பு, 2014இல் வந்தது. அதன் அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கையில் ஒரு கேரக்டர் ஷீட் (உங்கள் பாத்திரத்தின் விவரங்களை எழுதும் தாள்), பென்சில், 20 முகப் பகடை ஒன்று, 6 முகப் பகடை ஒன்று இருந்தால் போதும். தாயக்கட்டை உருட்டிப் பழகிய கைக்கு மற்றதெல்லாம் தானாக வரும்.

முதல் படி: அவனுடைய நடுகல்லை எழுதுங்கள்

திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் சுற்றுவட்டாரம் முழுக்கப் பல்லவர் கால நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. பகைவர் ஊர் மாட்டு மந்தையைக் கவர்ந்துகொண்டு போவார்கள். மீட்கப் போனவன் சண்டையில் விழுந்தால் அவனுக்கு ஊர் கல் நடும். 'தொறு' என்றால் மந்தை. 'பட்டான்' என்றால் இறந்தான். 'தொறு மீட்டுப் பட்டான்' என்ற இரண்டு மூன்று சொல்லில் ஒரு மனிதனின் மொத்தக் கதையும் அடங்கிவிடும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், என்ன நடந்தது, எப்படி விழுந்தான், அவ்வளவுதான் கல்லில் இருக்கும். அவன் எவ்வளவு பலசாலி, எத்தனை பேரை வெட்டினான் என்ற கணக்கைவிட எதற்காகப் போனான் என்பதே முன்னால் நிற்கும்.

எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு விழுந்த வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்று அந்த நாய்க்கும் கல்லில் எழுத்து உண்டு. இந்தக் கல்லைப் பற்றிச் சொன்னாலே பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள்.

இப்போது உங்கள் தாளின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதுங்கள். அவன் யாருக்குக் கடன்பட்டவன்? அவன் ஊரிலிருந்து எது பறிபோனது? யார் பறித்தது? நான்காவது வரி 'தொறு மீட்டு' என்பதுபோலத் தொடங்கி, 'பட்டான்' என்று முடிய வேண்டும், இடையில் எப்படி விழுந்தான் என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். அதை விளையாட்டு நிரப்பும்.

காசிமேட்டில் இருக்கும் என் சித்தி பையன் இதைக் கேட்டதும், "நம்ம பக்கம் ஏதுக்கா மாடு? வலையத் திருடிட்டான்னு வெச்சுக்கலாமா?" என்றான். தாராளமாக. ஒரு கடற்கரைக் குப்பம், ஊர்ப் பொதுவில் கடன் வாங்கிப் போட்ட பெரிய வலை, அதை இரவோடு இரவாகக் கொண்டுபோன கோப்ளின் என்ற குட்டிப் பூதங்களின் கூட்டம். 'வலை மீட்டு' என்று அவன் எழுதியதைப் பார்த்தபோது அந்தத் தாளில் ஓர் ஆள் எழுந்து நின்றான். இனி வரும் எல்லா எண்ணும் இவனுக்காகத்தான்.

இரண்டாம் படி: எண்கள்

ஆறு திறன்கள்: ஸ்ட்ரென்த் (வலிமை), டெக்ஸ்டரிட்டி (சுறுசுறுப்பு), கான்ஸ்டிடியூஷன் (உடலுறுதி), இன்டலிஜென்ஸ் (அறிவு), விஸ்டம் (விவேகம்), கரிஸ்மா (ஆளுமை). எல்லாம் 8இல் தொடங்கும். செலவு செய்ய 27 புள்ளிகள். 13 வரை ஏற்ற ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. 14 வேண்டுமானால் மொத்தம் 7, 15 வேண்டுமானால் 9. அதற்கு மேல் வாங்க முடியாது.

இங்கே கல்லைத் திரும்பப் பாருங்கள். பல நடுகற்களில் வீரன் ஒரு கையில் வாளும் மறு கையில் வில்லோ கேடயமோ பிடித்து, கால் அகட்டி நிற்பான். வாளும் வில்லும் ஒரே ஆளுக்கு வேண்டும் என்றால் டெக்ஸ்டரிட்டி இரண்டையும் தாங்கும். இரவில் தடம் பார்த்துத் துரத்துகிறவனுக்கு விஸ்டம் தேவை. ஆகவே டெக்ஸ்டரிட்டி 15, கான்ஸ்டிடியூஷன் 14, விஸ்டம் 13, ஸ்ட்ரென்த் 12, கரிஸ்மா 10, இன்டலிஜென்ஸ் 8. கூட்டிப் பார்த்தால் சரியாக 27. மனிதனாக எடுத்தால் ஆறிலும் ஒன்று கூடி 16, 15, 14, 13, 11, 9 ஆகும்.

ஒவ்வோர் எண்ணிலும் 10ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, கீழ்ப்பக்க முழு எண்ணை எடுத்தால் அதுதான் பகடையோடு கூட்டும் எண். டெக்ஸ்டரிட்டிக்கு 3, கான்ஸ்டிடியூஷனுக்கும் விஸ்டமுக்கும் 2. இன்டலிஜென்ஸுக்கு ஒன்று குறையும். அந்தக் குறையை மறைக்காதீர்கள். கணக்குத் தெரியாததால்தான் கடன்காரனிடம் குப்பமே சிக்கியது என்று என் தம்பி அதையும் கதையில் சேர்த்துவிட்டான்.

வகுப்பு, அதாவது அவன் தொழில், ஃபைட்டர் (போர்வீரன்). முதல் நிலையில் உயிர்ப்புள்ளி 10ம் கான்ஸ்டிடியூஷனின் 2ம் சேர்ந்து 12. பின்னணிக்கு, மாடு மீட்கிறவன் என்றால் ஃபோக் ஹீரோ எடுங்கள், விலங்குகளைக் கையாள்வதும் சர்வைவலும் (காட்டில் பிழைப்பது) வரும். வலை மீட்கிறவன் என்றால் செய்லர், அத்லெட்டிக்ஸும் பெர்செப்ஷனும் (கூர்ந்து கவனிப்பது) வரும்.

மூன்றாம் படி: எந்த வாள்?

இதற்கு ஒரு நாள் ஒதுக்கி நேரில் பார்த்துவிட்டு வாருங்கள் என்பேன். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் அடுத்தது எழும்பூர். 1851இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஆதிச்சநல்லூர் அகழாய்வில் கிடைத்த இரும்பு ஆயுதங்களும் இருக்கின்றன, தஞ்சாவூர் அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து வந்தவையும் இருக்கின்றன. ஒரு நிஜ வாளின் பிடியைப் பார்த்த பிறகு, கையில் வைத்திருப்பதை வெறும் 'டேமேஜ்' என்று நினைக்கத் தோன்றாது.

விதிப்புத்தகத்தில் நமக்கு நெருக்கமானது சிமிட்டர். வளைந்து வெட்டும் வாள், 6 முகப் பகடை, டெக்ஸ்டரிட்டியிலேயே வீசலாம். ரேப்பியருக்கு 8 முகப் பகடை, சராசரியாக ஒரு புள்ளி அதிகம். ஆனால் அது ஐரோப்பிய ஊசிவாள், குத்துவதற்கானது. அந்த ஒரு புள்ளிக்காக நான் அதை எடுக்க மாட்டேன்.

சுருள்வாள் கேட்கிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். சிலம்ப வாத்தியார்கள் திருவிழாவில் சுழற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஆசை நியாயமானதே. விதியில் சாட்டைக்கு உள்ள எண்களை அப்படியே எடுத்துச் சுருள்வாள் என்று பெயர் வையுங்கள்: 4 முகப் பகடை, ஆனால் 10 அடி எட்டும். அடி குறைவு, தூரம் அதிகம். விளையாட்டை நடத்துகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வலைக்கும் விதி உண்டு, அதில் ஒரு சிக்கலும் உண்டு. வலையின் இயல்பான வீச்சு 5 அடிதான். எதிரி 5 அடிக்குள் நிற்கும்போது எதை எறிந்தாலும் பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். தள்ளி நின்று 15 அடிக்குள் எறிந்தாலும் அதே கதி. ஆக, வீச்சு வலையைக் கதைக்காக இடுப்பில் வையுங்கள், அதை நம்பிச் சண்டைக்குப் போகாதீர்கள்.

கவச எண் என்பது எதிரி உங்களை அடிக்கப் பகடையில் எட்ட வேண்டிய எண். சங்கிலிக் கவசத்துக்கு 16, தோல் கவசத்துக்கு 11ம் டெக்ஸ்டரிட்டியின் 3ம் சேர்ந்து 14. சங்கிலி போட்டால் பதுங்கிப் போகும்போது பகடை உங்களுக்கு எதிராக இருக்கும். இரவில் பின்தொடர்கிறவனுக்குத் தோல்தான். கேடயம் 2 கூட்டும், மொத்தம் 16.

நான்காம் படி: சண்டை முறை

என்னைக் கேட்டால் பாத்திரத்தின் முழு அமைப்பும் இங்கேதான் தீர்மானமாகிறது. ஃபைட்டருக்கு முதல் நிலையிலேயே ஒரு ஃபைட்டிங் ஸ்டைல் கிடைக்கும். ட்யூவலிங் எடுத்தால் ஒரு கை வாளின் ஒவ்வொரு அடிக்கும் 2 கூடும். ப்ரொடெக்‌ஷன் எடுத்தால், 5 அடிக்குள் நிற்கும் தோழரை எதிரி தாக்கும்போது கேடயத்தை நீட்டலாம். எதிரி இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு முறைதான்.

கணக்கை நேர்மையாகப் போடுவோம். கோப்ளினுக்கு உயிர்ப்புள்ளி 7. சிமிட்டர் பட்டால் பகடையோடு 3 சேரும். ஒரே வெட்டில் விழ 4, 5, 6 வர வேண்டும், பாதிக்குப் பாதி. ட்யூவலிங் இருந்தால் 2 முதல் எது வந்தாலும் விழும், ஆறில் ஐந்து வாய்ப்பு. பெரிய வித்தியாசம்தான்.

இப்போது மறுபக்கம். பக்கத்தில் கவச எண் 12 உள்ள மந்திரவாதி நிற்கிறாள். கோப்ளின் 4 கூட்டித் தாக்கும், எனவே அடி விழ 65 சதவீதம் வாய்ப்பு. உங்கள் கேடயம் குறுக்கே போனால் அது 42 சதவீதம் ஆகிறது.

புதியவர்களுக்கு எல்லோரும் ட்யூவலிங்கையே சொல்வார்கள். நான் ப்ரொடெக்‌ஷனைச் சொல்கிறேன். உங்கள் நடுகல்லில் 'மீட்டு' என்ற சொல் இருக்கிறதே, அந்தச் சொல்லை ஒவ்வொரு சுற்றிலும் மேசையில் நிகழ்த்திக் காட்டுவது இந்த ஒரு விதிதான். பழிவாங்கப் புறப்பட்டவன் கதையை எழுதியிருந்தால் ட்யூவலிங் எடுங்கள், அது அவனுக்குப் பொருந்தும்.

ஐந்தாம் படி: நிலை ஏறும்போது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2ஆம் நிலையில் ஆக்‌ஷன் சர்ஜ், ஒரு சுற்றில் கூடுதலாக ஒரு செயல். 3இல் சாம்பியன் எடுங்கள், 20 மட்டுமில்லை, பகடையில் 19 வந்தாலும் கிரிட்டிக்கல், அதாவது அடிக்கான பகடையை இரு மடங்காக உருட்டலாம். 4இல் டெக்ஸ்டரிட்டியை 18 ஆக்குங்கள். 5இல் ஒரே செயலில் இரண்டு வெட்டு.

கடைசியாக, சோதனைச் சண்டை

கதை தொடங்குவதற்கு முன் இரண்டு கோப்ளின்களோடு ஒரு சின்னச் சண்டை வையுங்கள். கட்டாயம் ஒரு தோழர் கூட நிற்கட்டும், இல்லையென்றால் கேடயத்துக்கு வேலை இருக்காது. வெட்டுகளை மட்டும் எண்ணாமல், கேடயம் எத்தனை முறை குறுக்கே போனது என்று தாளின் ஓரத்தில் கோடு போட்டு வாருங்கள்.

என் தம்பி அன்று மூன்று வெட்டில் இரண்டைத் தவறவிட்டான். மந்திரவாதியாக விளையாடியது என் தங்கை. இரண்டாவது கோப்ளின் அவள் பக்கம் திரும்பியதும் "அக்கா, கேடயம்! நான் கேடயம் வெக்கிறேன்!" என்று கத்திக்கொண்டே எழுந்துவிட்டான். கோப்ளினுக்கு முதலில் 17, அடுத்தது 3. ஓரத்தில் முதல் கோட்டைப் போட்டுவிட்டு, தாளைத் திருப்பி, 'வலை மீட்டு' என்ற வரியைப் பென்சிலால் இன்னொரு முறை அழுத்தி எழுதினான்.