திரை பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேரன்மகாதேவிப் பக்கத்துப் பள்ளியொன்றில் 23 ஆண்டுகளாக அறிவியல் நடத்திவருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் பாளையங்கோட்டையில் பி.எட். படிக்கும் பயிற்சி ஆசிரியர்கள் சில வாரங்களுக்கு எங்களிடம் வருகிறார்கள். கடைசிப் பெஞ்சில் அமர்ந்து அவர்கள் நடத்தும் பாடத்தைக் கவனித்துக் குறிப்பெழுதுவது என் பொறுப்பு. இந்த ஆண்டு குறிப்பெழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. ஏனெனில் அவர்கள் செய்தவற்றில் பாதி, நான் முன்பு செய்து, பிள்ளைகளின் செலவில் திருத்திக்கொண்ட தவறுகள். பென் டிரைவ் திறக்காமல் போவது, பாடத்தின் நடுவே மின்சாரம் போவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை முதல் வாரமே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடும்.

கைவேகத்தை அறிவு என்று எண்ணுவது

அமெரிக்கரான மார்க் பிரென்ஸ்கி 2001-இல், கணினியோடு வளர்ந்த பிள்ளைகளை டிஜிட்டல் உலகின் பூர்வகுடிகள் என்றும் நம்மை அங்கே குடியேறியவர்கள் என்றும் பிரித்து எழுதினார். அந்தப் பிரிவு ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும், நாம்தான் பின்தங்கிவிட்டோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு முறை ஒன்பதாம் வகுப்பில், பாபநாசம் அணையின் அன்றைய நீர்மட்டத்தைத் தேடி எடுக்கச் சொன்னேன். 143 அடி உயரம் கொண்ட அந்த அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பது எங்கள் ஊர் விவசாயி காலையில் நாளிதழைப் பிரித்ததும் தேடும் செய்தி. பிள்ளைகள் அரை நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிட்டார்கள். நான்கு பேர் சொன்ன எண் முந்தைய ஆண்டின் செய்தியிலிருந்து வந்தது. அந்தப் பக்கத்தில் தேதி என்ற ஒன்று இருக்கிறது என்பதே அவர்கள் கண்ணில் படவில்லை. அவர்களைக் குறைசொல்லவும் எனக்குத் தகுதியில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை மீறியபோது, யார் பேசியது, எப்போது பேசியது என்று தெரியாத ஒரு குரல்பதிவை நம்பி, நானே இரண்டு குழுக்களுக்கு அனுப்பி வைத்தேன். தேதி, இடம், சொல்பவர் யார் என்ற மூன்றையும் பார்க்கும் பழக்கம் கைப்பேசியோடு சேர்ந்து வருவதில்லை. வாய்ப்பாட்டைப் போல அதையும் உட்கார வைத்துப் பழக்க வேண்டியிருக்கிறது.

காணொளியைக் காட்டிவிட்டால் பாடம் நடந்துவிட்டது என்று கொள்வது

இதைப் பற்றி நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனெனில் இன்றும் இதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

2019-இல் பத்தாம் வகுப்புக்குப் புதிய பாடநூல் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் குறியீடு. அதே ஆண்டில் கல்வித் தொலைக்காட்சியும் தொடங்கப்பட்டது. எங்கள் வகுப்பறைக்குப் புரொஜெக்டரும் வந்து சேர்ந்திருந்தது. ஒளியியல் பாடத்தில் குவிலென்சின் கதிர்ப்படங்களுக்காக அதற்கு முன்பெல்லாம் நான் மூன்று பாடவேளைகள் செலவிடுவேன். கரும்பலகையில் ஒரு மீட்டர் அளவுகோலை வைத்து ஒவ்வொரு கதிராக இழுப்பேன். பிள்ளைகள் நோட்டில் அடித்து அடித்துத் திருத்துவார்கள். என் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூளாகும். அந்த ஆண்டு ஓர் அழகான அசைபடம் கிடைத்தது. மெழுகுவத்தி லென்சை நோக்கி நகர நகர, மறுபுறத்தில் தலைகீழ்ப் பிம்பம் பெரிதாகிக்கொண்டே விலகிச் செல்லும். குவியத்தைத் தாண்டி லென்சை நெருங்கியதும் அது மறைந்து, மெழுகுவத்தி நிற்கும் பக்கத்திலேயே நேரான மாய பிம்பம் தோன்றும். மூன்று பாடவேளை வேலை பதினொரு நிமிடத்தில் முடிந்தது. "வெளங்கிட்டால?" என்று கேட்டேன். "வெளங்கிட்டு சார்" என்று வகுப்பே சொன்னது. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்தது. குவிலென்சிலிருந்து இரு மடங்கு குவியத்தொலைவில் பொருளை வைத்தால் பிம்பம் எங்கே, எவ்வளவு பெரிதாக விழும் என்று வரைந்து காட்டும் கேள்வியும் இருந்தது. லென்சின் மறுபுறத்தில் அதே இரு மடங்குத் தொலைவில், அதே அளவில், தலைகீழாக விழ வேண்டும். விடைத்தாள்களில் நான் கண்டது வேறு. சிலரின் கதிர்கள் லென்சுக்குள் நுழைந்து வளையாமல் நேரே போயின. சிலருடையவை காற்றிலேயே பாதியில் நின்றன. லென்சையும் மெழுகுவத்தியையும் மிக அழகாக வரைந்து, கதிரே இல்லாமல் பிம்பத்தை மட்டும் ஓரிடத்தில் வைத்தவர்களும் இருந்தார்கள். அசைபடத்தில் அவர்கள் பார்த்ததை அப்படியே நினைவில் வைத்திருந்தார்கள் என்பதுதான் வேடிக்கை: மெழுகுவத்தியின் நிறம்கூட நினைவிருந்தது. கதிர் எந்த விதிப்படி எங்கே திரும்புகிறது என்பதை மட்டும் அவர்களுடைய கை ஒருமுறைகூடச் செய்து பார்த்திருக்கவில்லை.

மார்ச்சுக்குள் சரிசெய்துவிடலாம் என்று எண்ணினேன். மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிகள் மூடப்பட்டன. பொதுத்தேர்வு ரத்தாகி, காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களிலிருந்து 80 விழுக்காடும் வருகைப்பதிவிலிருந்து 20 விழுக்காடும் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். நான் நடத்தாமல் நடத்திய பாடத்துக்கான மதிப்பெண், திருத்திக்கொள்ள வாய்ப்பே இல்லாமல், அந்தப் பிள்ளைகளின் சான்றிதழில் ஏறிவிட்டது. பிளஸ் ஒன்றில் அறிவியல் பிரிவு கேட்டுக் கிடைக்காமல் போனவர்கள் அந்த வகுப்பில் இருவர்.

ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு ஓரளவு தெளிவான விளக்கம் உண்டு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே பத்தியை ஒரு குழு மீண்டும் மீண்டும் படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நான் "வெளங்கிட்டால?" என்று கேட்டது அந்த ஐந்தாம் நிமிடத்தில். அப்போது பிள்ளைகள் பொய் சொல்லவில்லை.

இப்போது காணொளியை நான் ஒதுக்கிவிடவில்லை. காட்டுவதற்கு முன், பிம்பம் எங்கே விழும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் வரையச் சொல்கிறேன். முப்பது நாற்பது விநாடி ஓடியதும் நிறுத்துகிறேன். திரையை அணைத்துவிட்டு மறுபடி வரையச் சொல்கிறேன். அதற்கு முன்பாகவே இன்னொன்றும் செய்கிறோம். வெள்ளெழுத்து வந்த தாத்தா பாட்டியின் கண்ணாடியைக் கேட்டு வாங்கிவரச் சொல்வேன். இரண்டு பவர் கண்ணாடி என்றால் அதன் குவியத்தொலைவு அரை மீட்டர். சன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் அதைப் பிடித்தால், சன்னலும் வெளியே நிற்கும் வேப்பமரமும் தலைகீழாகச் சுவரில் விழும். லென்சின் பாதியை விரலால் மறைத்தால் பிம்பம் என்ன ஆகும் என்று கேட்பேன். பாதி மரம் போய்விடும் என்று ஏறத்தாழ எல்லாருமே சொல்வார்கள். மறைத்துப் பார்த்தால் முழு மரமும் இருக்கும், வெளிச்சம் மட்டும் குறைந்திருக்கும். மரத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கதிர்கள் லென்சின் எல்லாப் பகுதிக்கும் வருகின்றன என்பதை, சொன்ன விடை பொய்த்துப்போன அந்தக் கணத்தில்தான் கேட்கத் தயாராகிறார்கள்.

பயிற்சி ஆசிரியர் ஒருவர் இந்த ஆண்டு நாற்பது நிமிடத்தில் ஐந்து காணொளிகள் காட்டினார். கடைசியில் அவரும் அதே கேள்வியைக் கேட்டார். அதே பதில் வந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிள்ளைகளைப் பிரிப்பது

பிரிக்காதீர்கள். 2008-இல் பாஷ்லர் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்து, அப்படிப் பிரித்து நடத்துவதற்குப் போதிய சான்று இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது

எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் ஒரே ஒரு கைப்பேசிதான். அப்பா அதை எடுத்துக்கொண்டு லாரியிலோ கொத்துவேலைக்கோ போய்விடுவார். இரவு ஒன்பது மணிக்கு அது வீடு திரும்பும்போது சார்ஜும் டேட்டாவும் மிச்சம் இருந்தால் பெரிய நல்வாய்ப்பு. பகலெல்லாம் அம்மாவின் பீடித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலை நறுக்கிக் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் அந்தப் பிள்ளை என் பாடத்தைப் பார்க்கும் என்று எதிர்பார்த்த காலமும் உண்டு. பிறகு கேள்விகளைப் பலகையில் எழுதிப்போட ஆரம்பித்தேன்.

கைப்பேசியைப் பறித்துவைத்தால் போதும் என்பது

போதாது. பறிக்கத்தான் வேண்டும்; அதற்குப் பிறகு அந்த நாற்பது நிமிடத்துக்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

இயந்திரம் எழுதித் தரும் கேள்வியைக் கேட்டுவிட்டு, பிள்ளை ஏமாற்றிவிட்டது என்று கோபப்படுவது

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த சில மாதங்களிலேயே, "நீர் மேலாண்மை" என்று நான் கொடுத்த ஒப்படைப்புக்கு, ஒருபோதும் ஒழுங்காக வாக்கியம் முடிக்காத பிள்ளைகளிடமிருந்து பிழையே இல்லாத கட்டுரைகள் வந்து குவிந்தன. இரண்டு நாள் கத்தினேன். பிறகு என் கேள்வியைத் திரும்பிப் பார்த்தேன். எந்த ஊரிலிருந்தும் யாரும் விடை எழுதிவிடக்கூடிய கேள்வி அது.

அடுத்த ஆண்டு கேள்வியை மாற்றினேன். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான கன்னடியனிலிருந்து பிரியும் கால்வாய் எங்கள் ஊர்ப் பக்கம் ஓடுகிறது. கரையில் பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நட்டு, ஒரு தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு, கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்த்து, ஒரு விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்கிட வேண்டும். அகலத்தையும் ஆழத்தையும் அளக்கும் பொறுப்பைப் பெரியவர்கள் இருவரிடம் கொடுத்து, பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்தினேன். மேற்பரப்பில் தண்ணீர் வேகமாகவும் அடியில் மெதுவாகவும் ஓடுவதால், மட்டையின் வேகத்தை 0.85-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஐந்து குழுக்கள் ஐந்து விடைகளோடு வந்தன. ஒரு குழு மட்டையைக் கரையோரமாக விட்டிருந்தது, அதன் விடை மற்றவர்களுடையதில் பாதிகூட இல்லை. யாருடைய விடை சரி என்ற சண்டை மறுநாள் பாடவேளையையும் தின்றுவிட்டது. மூன்றாம் நாள் இரண்டு பிள்ளைகள் தாங்களாகவே வந்து, மறுபடி அளக்கப் போகலாமா என்று கேட்டார்கள்.